யானைக்காலுக்கு எந்த ஆபரேஷன்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு ஊரில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். வயது 49. இடது காலில் வீக்கம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் பாதத்தில் மட்டும் இருந்தது. ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இப்போது முழங்காலுக்கு மேலேயும் ஏறிவிட்டது, காலையிலும் வடிவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. அப்போதெல்லாம் ஹெட்ராசான் வாங்கிப் போட்டுக்கொள்வேன். வீக்கம் வடிய லேசிக்ஸ் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சர்க்கரை உண்டு. பிரஷருக்கு அம்லோடிபின் போடுகிறேன். எடை 94 கிலோ. ஒரு தனியார் மருத்துவமனையில், மைக்ராஸ்கோப் வைத்து நிணநீர்க் குழாயை ரத்தக்குழாயோடு இணைத்துவிட்டால் கால் பழையபடி ஆகிவிடும், ஸ்டாக்கிங்ஸ்கூட போட வேண்டாம் என்றார்கள். இன்னொரு சர்ஜன், தோலோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு தோல் ஒட்டவேண்டும் என்கிறார். கத்தி வைத்தால் கால் போய்விடும் என்கிறார் என் மச்சான். யார் பேச்சைக் கேட்பது? பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். இது பரம்பரை வியாதியா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். பெயர் போட வேண்டாம். காலின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு எந்த மருத்துவமனையிலும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படங்களைப் பார்த்தால், உங்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அது தேவைப்படும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நெறி கட்டுகிற காலில் கத்தி வைத்தால் தையல் ஆறாது, ஒட்டிய தோல் பிடிக்காது, சீழ் வைக்கும். உங்கள் மச்சானின் பயத்துக்கு இப்படிப்பட்ட கால் எதையாவது அவர் பார்த்திருப்பதுதான் காரணமாக இருக்கும். எனவே காய்ச்சலை நிறுத்துவதுதான் முதல் வேலை.

அந்தக் காய்ச்சல் புழுவால் வருவதில்லை. க்யூலெக்ஸ் கொசு கொண்டுவந்து விட்ட யானைக்கால் புழு, உடம்பில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகிற உங்கள் நிணநீர்க் குழாய்களில் சில வருடங்கள் குடியிருந்து, அவற்றை விரித்துக் கெடுத்துவிட்டு, பெரும்பாலும் எப்போதோ செத்துப்போயிருக்கும். இன்றைக்கு வருவது பாக்டீரியா காய்ச்சல். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, ஒரு ஓரத்தில் வெடித்திருக்கிறது. சேற்றுப்புண். கிருமி உள்ளே போகிற வழி அதுதான். நிணநீர் ஓட்டம் சரியாக உள்ள காலில் அது அரிப்போடு நின்றுபோகும். தேங்கிய காலில் அதே கிருமி நடுக்கக் காய்ச்சலாகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கிற குழாய்களில் சிலவற்றை அடைத்துவிட்டுத்தான் போகும். கால் படிப்படியாகப் பெருத்ததற்குப் புழுவைவிட இந்தக் காய்ச்சல்கள்தான் அதிகம் பொறுப்பு.

ஹெட்ராசான் புழுவுக்கான மருந்து. நடுக்கக் காய்ச்சலின்போது அதைப் போடக்கூடாது. அப்போது வேண்டியது ஆன்டிபயாட்டிக், ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது, காய்ச்சல் மாத்திரை. நடுக்கம் தொடங்கிய அன்றே டாக்டரைப் பாருங்கள், மூன்றாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூடப் போடுவோம். அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அதை ஆரம்பிக்கவேண்டும். அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், பரபரப்பான ஓ.பி.யில் இது விட்டுப்போகும்.

தினமும் இரவு படுக்குமுன் பாதத்தைக் கழுவுங்கள்; சாதாரண சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போதும். டெட்டால் வேண்டாம், வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். தேய்க்காமல், பருத்தித் துணியால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். உங்கள் கடையில் விழும் காட்டன் வெட்டுத்துணியைத் துவைத்து வைத்துக்கொண்டாலே ஆயிற்று. இடுக்கில் நுழைகிற அளவுக்குச் சின்னதாக இருக்கும். காய்ந்தபிறகு டாக்டர் தரும் பூஞ்சை களிம்பைத் தடவுங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், புண் இருப்பது தெரியாமலே போகும். கேட்பதற்கு அற்ப விஷயமாகத் தோன்றும். என்னிடம் ஆபரேஷனுக்கென்று வந்தவர்களில், இதையும், பின்னால் சொல்லப்போகும் பேண்டேஜ் கட்டுவதையும் ஒழுங்காகச் செய்தபிறகு ஆபரேஷனே கேட்காமல் போனவர்கள் உண்டு.

இனி ஆபரேஷனுக்கு வருவோம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஓரளவு நீங்களே வீட்டில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு நிமிடம் நன்றாக அழுத்துங்கள். சும்மா தொட்டுப் பார்த்தால் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்து அழுத்தவேண்டும். விரலை எடுத்ததும் குழி ஆழமாக விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் அங்கே தேங்கியிருப்பது பெரும்பாலும் நீர். குழி விழவே இல்லை, ரப்பர்போல இருக்கிறது என்றால் நீர் இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வளர்ந்துவிட்டன. நிணநீரில் புரதம் அதிகம். அது வருடக்கணக்கில் தேங்கினால் தோலுக்கு அடியில் கொழுப்பு சேரும், நார் இறுகும். பாதத்தின் மேல்புறம், கணுக்கால், ஆடுசதை, தொடை என்று ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரே காலில் மேலே குழி விழும், கீழே விழாது. இருபது வருடத்துக் காலில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

மைக்ராஸ்கோப் ஆபரேஷன் நீருக்கானது. அதில் நாங்கள் செய்வது இதுதான்: பச்சைச் சாயம் ஒன்றைப் பாதத்து விரல் இடுக்கில் ஊசியால் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், வேலை செய்கிற நிணநீர்க் குழாய் கோடாக ஒளிர்ந்து மேலே ஏறும். கெட்டுப்போன இடத்தில் கோடு கலைந்து திட்டாகப் பரவும். கோடு தெரிகிற இடத்தில் சின்னதாகக் கீறி, அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் ஓடும் அதே அளவுச் சிறு சிரையோடு தைப்போம். தலைமுடியைவிட மெல்லிய நைலான். கிளிப்பை எடுத்ததும் மைக்ராஸ்கோப்பில் ஒன்று தெரியும்: தெளிந்த நீர் சிரைக்குள் இறங்கி, அங்கிருக்கும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அப்படிப் போனால் இணைப்பு வேலை செய்கிறது. சிரையில் அழுத்தம் அதிகமாக இருந்தால் ரத்தம் திரும்பி நிணநீர்க் குழாய்க்குள் வரும். அந்த இணைப்பு அதிக நாள் நிற்காது. அதனால்தான் முன்கூட்டியே டாப்ளர் ஸ்கேன் எடுத்து, வெரிகோஸ் போன்ற சிரைக்கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்த நுண்ணிய தையலை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் இசாவ் கோஷிமா. ஆனால் நிணநீரைச் சிரைக்குத் திருப்பிவிடும் எண்ணம் உங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஜமால், யானைக்கால் நோயாளிகளுக்கே இந்த வகை இணைப்பு ஆபரேஷன்களைச் செய்து, 1980களின் தொடக்கத்திலேயே சர்வதேச மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். கும்பகோணம் என்றாலே யானைக்காலைச் சொல்லிக் கேலி பேசிய காலம் அது. அதே வட்டாரத்து அரசு மருத்துவமனையில் இந்த வேலை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இதன் பலன் ஆரம்பக் கட்டத்தில் நன்றாக இருக்கும். வீக்கம் குறையும், கால் இளகும், முக்கியமாகக் காய்ச்சல் வருவது குறையும். ஆனால் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கொழுப்பையும் நாரையும் எந்த இணைப்பும் கரைக்காது. வாய்க்காலுக்குப் புதுத் தலைப்பு வெட்டலாம், ஏற்கெனவே படிந்த வண்டல் தானாகப் போகாது. ‘கால் பழையபடி ஆகிவிடும், ஸ்டாக்கிங்ஸ் வேண்டாம்’ என்று உங்களிடம் சொன்னார்களே, அதை என்னால் ஏற்கமுடியவில்லை. ஆரம்பக் கட்ட நோயாளிகளில் சிலர் ஸ்டாக்கிங்ஸைக் குறைத்துக்கொள்வது உண்மைதான். உங்கள் காலை வைத்துக்கொண்டு யாரும் அந்த வாக்குறுதி தரக்கூடாது. அங்கே பச்சைச் சாயப் பரிசோதனையோ, லிம்போசிண்டிகிராபி எனும் ஐசோடோப் ஸ்கேனோ எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்காமலே தேதி கொடுத்திருந்தால், அந்த ஒரு காரணமே திரும்பி வர எனக்குப் போதும்.

நிணநீர்க்கணுவையே, அதாவது நெறி கட்டும்போது வீங்குகிறதே அந்தக் கணுவையே, அதன் ரத்தக்குழாயோடு எடுத்துக் காலில் வைக்கும் ஆபரேஷனும் உண்டு. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். யாராவது இதைச் சொன்னால், கணுவை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். யானைக்கால் நோயில் வெளியே நன்றாக இருக்கிற வலது காலின் குழாய்களும் உள்ளுக்குள் பழுதாகியிருக்கலாம். வலது தொடை இடுக்கிலிருந்து எடுத்தால் அந்தக் காலும் வீங்கும் ஆபத்து இருக்கிறது. கழுத்திலிருந்தோ, வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலத்திலிருந்தோ எடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

தோலோடு எல்லாவற்றையும் எடுப்பதற்கு சார்லஸ் ஆபரேஷன் என்று பெயர். கல்கத்தாவில் வேலை பார்த்த ஹேவ்லாக் சார்லஸ் 1912-ல் எழுதியது உண்மையில் விதைப்பை யானைக்கால் வீக்கத்துக்கான ஆபரேஷனைப் பற்றி; காலுக்குச் செய்வதோடு அவர் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே தோல், கொழுப்பு, நார் எல்லாவற்றையும் சதையுறை வரை சுற்றிலும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்தோ எடுத்த தோலிலிருந்தோ மெல்லிய தோலை ஒட்டுவார்கள். வாரக்கணக்கில் படுக்கை. கால் எடை உடனே குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டிய தோல் வெடிக்கும், காய்த்துப்போகும், சின்ன அடிக்கும் புண்ணாகும். மேலே தொடையும் கீழே பாதமும் வீங்கியே இருக்க, நடுவில் மட்டும் ஒடுங்கிய கால் பலருக்கு மிஞ்சுகிறது. மடிப்பு மடிப்பாகத் தொங்கி, மரு மருவாகப் புடைத்து, நாற்றம் வந்து, நடக்கவே முடியாத காலுக்கு இதைத் தவிர வழியில்லை என்ற நிலை வரும். அப்படிப்பட்டவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் படத்தில் தோல் தடித்திருக்கிறது, கணுக்காலில் ஒரு மடிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் காலுக்கு சார்லஸ் தேவையில்லை என்பது என் கருத்து. நேரில் பார்த்த சர்ஜன் நான் பார்க்காத எதையோ பார்த்திருக்கவும் கூடும். எதனால் சொல்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதை உங்களிடம் யாருமே சொல்லவில்லை. லைப்போசக்‌ஷன். அழகுக்குச் செய்வார்களே, அதே குழாயும் உறிஞ்சும் கருவியும்தான், நோக்கம் வேறு. ஸ்வீடனின் மால்மோ நகரில் ஹோகான் புரோர்சன் 1987 முதல் நிணநீர் வீக்கத்துக்கு இதைச் செய்துகாட்டினார். நீரெல்லாம் கட்டுப் போட்டு வடித்தபிறகு, குழி விழாத கொழுப்பு மிச்சமிருக்கிற காலுக்குத்தான் இது. சின்னத் துளைகள் வழியாகக் கொழுப்பை எடுத்துவிட்டு, ஆபரேஷன் மேஜையிலேயே அழுத்த உறையை மாட்டிவிடுவார்கள். இரண்டு காலும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறவர்கள் உண்டு. நிபந்தனை ஒன்று: அந்த உறையை ஆயுள் முழுக்க, இரவும் பகலும் போடவேண்டும். கழற்றிப் போட்டால் வீக்கம் திரும்பிவிடும். நார் இறுகிக் குழாய் நுழையாத இடத்தில், தோலைத் தூக்கி அடியில் உள்ளதை மட்டும் வெட்டி எடுத்து, அதே தோலை மூடித் தைப்பதும் உண்டு. அதை உள்பக்கம் ஒருமுறை, சில மாதம் கழித்து வெளிப்பக்கம் ஒருமுறை என்று செய்வார்கள்.

ஆக, என் யோசனை இப்படிப் போகிறது. முதல் மூன்று மாதம் காய்ச்சலை நிறுத்துவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும். கூடவே கட்டு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற நன்றாக இழுபடும் கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது. அதிகம் இழுபடாத வகை பேண்டேஜை, பஞ்சு அடுக்கு வைத்து, விரலிலிருந்து தொடைவரை பல சுற்றாகக் கட்டவேண்டும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் சில வாரம் கட்டிக்கொண்டு, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்; சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி அடைப்பு இருந்தால் இறுக்கிக் கட்டுவது ஆபத்து. கட்டியிருக்கும்போது நடப்பதும் கணுக்காலை அசைப்பதும்தான் நீரைத் தள்ளும். மோட்டார் மாட்டாத பழைய மிதி மெஷின் இன்னும் வைத்திருந்தால், கட்டோடு மிதியுங்கள்; அதைவிட நல்ல பயிற்சியை நான் சொல்லமுடியாது. எடையில் பத்து கிலோ குறைந்தாலும் காலுக்குத் தெரியும்.

அளவை நீங்களே எடுத்து வையுங்கள், இன்ச் டேப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கணுக்காலிலிருந்து தொடைவரை நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு இடம், இரண்டு காலிலும், வாரம் ஒருநாள், காலையில் எழுந்ததும். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் கட்டைத் தொடருங்கள். இறங்குவது நின்று, காய்ச்சலும் வராமல் இருந்தால், அப்போது அந்த நோட்டோடு மைக்ராஸ்கோப் ஆபரேஷன், லைப்போசக்‌ஷன் இரண்டும் செய்கிற பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போங்கள். ஒன்றை மட்டும் செய்யத் தெரிந்த இடத்தில் அந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டில் எது அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாயப் பரிசோதனையில் கோடு தெரிந்தால் இணைப்பு ஆபரேஷனால் பலன் உண்டு, கொழுப்பு மிச்சமிருந்தால் அதற்குப் பின்னால் லைப்போசக்‌ஷன். கோடே தெரியாவிட்டால் நேராக லைப்போசக்‌ஷன். எதைச் செய்தாலும் அளவெடுத்துத் தைத்த அழுத்த ஸ்டாக்கிங்ஸ் உங்களோடு இருக்கும். அதைக் காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் போடவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதற்கான செலவையும் ஆபரேஷன் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மாத்திரைகள் இரண்டைப் பற்றி. லேசிக்ஸ் நீரை இழுக்கும், புரதத்தை விட்டுவிடும். நிணநீர் வீக்கத்துக்கு அது உதவாது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ என்று யாரும் எழுதித் தராமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதாக இருந்தால், டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தைத் தானே உண்டாக்கும், இருக்கிற வீக்கத்தை அதிகமாக்கும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷருக்கு வேறு மாத்திரை மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம். உங்களுக்கு வந்திருக்கும் யானைக்கால் பரம்பரை வியாதி அல்ல. தொட்டால், கூடச் சாப்பிட்டால், ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டாது. ஒருவர் ரத்தத்தில் இருக்கும் குஞ்சுப்புழுவைக் கொசு எடுத்துப்போய் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் பரவும். இத்தனை வருடத்து வீங்கிய காலோடு இருப்பவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுப்புழு இருப்பதே இல்லை. அவர்கள் காகிதத்தில் பார்க்க விரும்பினால், நீங்களும் பெண்ணும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். குஞ்சுப்புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளிவரும் என்பதால் சுகாதாரத் துறையின் யானைக்கால் தடுப்புப் பிரிவில் இரவில் வந்து ரத்தம் எடுப்பார்கள். பகலிலேயே விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் அட்டைப் பரிசோதனையும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே செய்கிறார்கள் என்று சொல்வார்கள்.